பில்லில் ஒரே வரியாக விற்கப்படும் கேமிங் கணினிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் கணினி வாங்கித் தரும் காலம் இது. "படிப்புக்கும் ஆகும், கேமுக்கும் ஆகும்" என்று சொல்லி விற்கப்படும் ரெடிமேட் கேமிங் கணினிகளின் விளம்பரங்கள் நாளிதழ்களிலும் துண்டறிக்கைகளிலும் கடைப் பலகைகளிலும் நிறைந்திருக்கின்றன. எதை எடுத்துப் பார்த்தாலும் "ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 512 ஜிபி எஸ்எஸ்டி, ஆர்ஜிபி கேபினட்" என்ற அளவோடு விவரம் முடிந்துவிடுகிறது. ஈரோட்டில் கணினிப் பழுதுநீக்கும் கடை நடத்துபவன் என்ற முறையில், இந்த விவரங்களை வைத்து ஒரு கணினியின் தரத்தை எடைபோடவே முடியாது என்பதையும், எடைபோடத் தேவையான விவரங்களை விற்பவரே எழுத்தில் தர வேண்டும் என்பது கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பதையும் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

கணினியின் மூளையான ப்ராசஸரைக் குறிக்கும் "ஐ7" என்பதையே எடுத்துக்கொள்வோம். இன்டெல் நிறுவனம் 2011-இல் வெளியிட்ட ஐ7-2600-ம் ஐ7தான், 2012-இல் வந்த ஐ7-3770-ம் ஐ7தான். அலுவலகங்களில் ஓடிக் கழித்துக் கட்டப்பட்ட இந்த ப்ராசஸர்களைப் புதிதாகத் தயாரித்த மலிவு மதர்போர்டில் (பாகங்கள் எல்லாம் இணையும் பலகை) பொருத்தி, கண்ணாடிக் கேபினட்டுக்குள் வைத்து, புதிய கேமிங் கணினி என்று விற்பது இன்றும் நடக்கிறது. 2022-இல் வந்த ஐ3-12100 என்ற எளிய ப்ராசஸர் இவை இரண்டையும் எளிதாக முந்திவிடும். வேகத்தை விடுங்கள், விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக எட்டாம் தலைமுறை இன்டெல் ப்ராசஸரிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. ஆகவே அந்தப் பழைய ஐ7-ஐ வாங்கித் தரும் பெற்றோர், பிள்ளை கல்லூரியில் காலெடுத்து வைக்கும் நாளிலேயே காலாவதியான ஒரு கருவியைக் கையில் கொடுக்கிறார்கள். ஐ7 என்பதற்குப் பின்னால் வரும் எண்ணைக் கேட்டால் போதும், இந்த ஏமாற்று அங்கேயே வெளிப்பட்டுவிடும். 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 12700 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. விலை உயர்ந்த பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறை ப்ராசஸர்களை வாங்குவோர் இன்னொன்றையும் கேட்க வேண்டும். அவற்றில் மின்னழுத்தக் கோளாறால் நிலைகுலைவு ஏற்படுவது தெரியவந்ததால், 2024-இல் இன்டெல் திருத்தம் வெளியிட்டதுடன் வாரண்டியையும் இரண்டாண்டு நீட்டித்தது. அந்தத் திருத்தம் அடங்கிய பயாஸ் (கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) மதர்போர்டில் ஏற்றப்பட்டிருக்கிறதா என்பதைக் கடைக்காரர் காட்ட வேண்டும்.

திரையில் காட்சிகளை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டில் இந்தக் குழப்பம் இன்னும் ஆழமானது. "4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு" என்ற சொல்லுக்குக் கார்டின் திறனைப் பற்றிய பொருள் எதுவும் கிடையாது. 2014-இல் வந்த ஜிடி 730 என்ற கார்டு, மெதுவான டிடிஆர்3 நினைவகம் 4 ஜிபி பொருத்தப்பட்டு நம் சந்தையில் ஏராளமாக விற்றது. இன்றைய விளையாட்டு எதையும் அது ஒழுங்காக ஓட்டாது. இதைத் தெரிந்துகொண்டு "எனக்கு ஆர்டிஎக்ஸ் வேண்டும்" என்று என்விடியா நிறுவனத்தின் கார்டு வரிசையின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குகிறவரும் தப்பிவிடுவதில்லை, ஏனென்றால் ஒரே பெயரில் இருவேறு கார்டுகளைத் தயாரிப்பாளரே விற்கிறார். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 2022-இல் வந்தது 8 ஜிபி நினைவகம், 128 பிட் அகல நினைவகப் பாதை, கணக்கிடும் கோர்கள் 2560 கொண்டது. அதே பெயரில் 2024-இல் வந்ததோ 6 ஜிபி, 96 பிட், 2304 கோர். ஆர்டிஎக்ஸ் 3060-இலும் இதே கதைதான்: 12 ஜிபி கார்டில் நினைவகப் பாதை 192 பிட், பின்னர் வந்த 8 ஜிபி கார்டில் 128 பிட். கோர்களின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே என்றாலும், நினைவகத்தின் வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. விளம்பரத்தில் "ஆர்டிஎக்ஸ் 3050" என்று மட்டும் அச்சிட்டால் அது பொய்யாகாது. ஆனால் வாங்குபவர் எதை வாங்குகிறார் என்று அவருக்கும் தெரியாது, கேட்டால் பல கடைகளில் விற்பவருக்கும் தெரிவதில்லை.

இதோடு, கிரிப்டோ நாணயம் ஈட்டுவதற்காக ஓட்டப்பட்ட பழைய மைனிங் கார்டுகளின் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. எத்தீரியம் நாணயம் 2022 செப்டம்பரில் கிராபிக்ஸ் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறிய பிறகு, அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் பெருமளவில் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. துடைத்து, புது தெர்மல் பேஸ்ட் தடவி, விசிறியை மாற்றி ரெடிமேட் கணினிக்குள் வைத்துவிட்டால் கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. எல்லா மைனிங் கார்டும் கெட்டது என்று நான் சொல்லவில்லை. பழையதைப் பழையது என்று சொல்லி, அதற்குரிய விலையில் விற்றால் யாருக்கும் குறையில்லை. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொன்னால் கார்டின் உண்மையான மாடல், நினைவக வகை, பிட் அகலம் எல்லாம் ஒரே திரையில் தெரியும். வேறு சிப்பை வைத்துப் பெயரை மாற்றி எழுதிய பல போலி என்விடியா கார்டுகளையும் அது இனம்காட்டிவிடும். நேர்மையான கடைக்காரர் எவரும் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்.

இவை எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது, விளம்பரத்தில் பெயரே வராத எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டி. என் கடைக்குச் செத்து வரும் கேமிங் கணினிகளைத் திறந்தால், பெரும்பாலும் முதல் குற்றவாளி இதுதான். பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டும் ஒருவர் மகனுக்கு வாங்கிய கணினியை அண்மையில் கொண்டு வந்திருந்தார். வாங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன; விளையாட்டைத் தொடங்கினால் அணைந்துவிடும் என்ற நிலை போய், கடைசியில் சுவிட்சைப் போட்டாலும் உயிர் வராத நிலைக்கு அது வந்திருந்தது. உள்ளே நல்ல ப்ராசஸர், நல்ல கிராபிக்ஸ் கார்டு. எஸ்எம்பிஎஸ் பெட்டியின் மேல் "500 வாட்" என்று கட்டைவிரல் அளவு எழுத்தில் ஒட்டியிருந்தது. அதே ஸ்டிக்கரின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த அட்டவணையில் 12 வோல்ட் என்பதற்கு நேராக 16 ஆம்பியர் என்று போட்டிருந்தது. பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கினால் 192 வாட். இன்றைய கணினியில் ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தமக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன என்பதால், 500 என்ற எண் அங்கே எந்தப் பயனும் இல்லாதது. அந்தப் பெட்டியில் கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனி வயரே இல்லை. ஹார்டு டிஸ்குக்குப் போகும் பழைய நான்கு முள் இணைப்பிலிருந்து ஒரு கன்வெர்ட்டர் வயரைப் போட்டு ஒப்பேற்றியிருந்தார்கள். அந்தக் கன்வெர்ட்டரின் வெள்ளைப் பிளாஸ்டிக் விளிம்பு சூட்டில் பழுப்பேறி உருகியிருந்தது. மதர்போர்டும் போய்விட்டது. விற்ற கடையில் கேட்டதற்கு "எரிந்துபோன பொருளுக்கு வாரண்டி கிடையாது" என்ற பதில்தான் கிடைத்ததாம். அவர் கையில் இருந்த பில்லில் "கேமிங் கம்ப்யூட்டர் – 1" என்ற ஒரே வரியும் விலையும் மட்டுமே இருந்தன.

நடுத்தரக் கேமிங் கணினி ஒன்றின் தேவையைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 115 வாட், ஐ5-12400எஃப் ப்ராசஸர் முழு வேகத்தில் ஓடும்போது 117 வாட், ஆக இவ்விரண்டுக்கு மட்டுமே 232 வாட் வேண்டும். மதர்போர்டு, விசிறிகள், நொடிப்பொழுதில் எகிறும் சுமை ஆகியவற்றையும் சேர்த்து, மேலே இடம் விட்டுத்தான் எஸ்எம்பிஎஸ் தேர்ந்தெடுக்க வேண்டும். எனவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை வாட்" என்பதன்று. "எந்தக் கம்பெனி, எந்த மாடல், 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர்" என்பதே. 80 பிளஸ் முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஆனால் 2004-இல் தொடங்கிய அந்தத் திட்டம் அளப்பது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான். மின்னழுத்தம் எகிறும்போதும் ஷார்ட் ஆகும்போதும் பெட்டி தன்னையும் கணினியையும் காத்துக்கொள்ளுமா என்பதற்கு அந்த முத்திரை உத்தரவாதம் ஆகாது. பெயர் பெற்ற நிறுவனம் என்பதும் போதாது. கிகாபைட் நிறுவனத்தின் ஜிபி-பி750ஜிஎம், ஜிபி-பி850ஜிஎம் என்ற இரு மாடல்கள், 80 பிளஸ் தங்க முத்திரை பெற்றிருந்தும் சோதனைகளில் வெடித்ததாகச் செய்தி வந்து, 2021 ஆகஸ்டில் குறிப்பிட்ட வரிசை எண் கொண்டவற்றை மாற்றித் தருவதாக அந்நிறுவனமே அறிவிக்க நேர்ந்தது. மாடல் பெயர் தெரிந்தவர்களால்தான் அந்த அறிவிப்பைப் பார்த்துத் தம் பெட்டியை மாற்றிக்கொள்ள முடிந்திருக்கும். நம் ஊர்களில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதும், மின்வெட்டில் இன்வெர்ட்டருக்கு மாறுவதும் அன்றாட நிகழ்வு. இங்கே விற்கும் கணினிக்குத்தான் நல்ல எஸ்எம்பிஎஸ் இன்னும் அதிகமாகத் தேவை. இங்கேதான் கேபினட்டோடு இலவசமாக வரும் பெட்டியை வைத்து விற்கிறார்கள்.

ரேமைப் பொறுத்தவரை 16 ஜிபி என்றால் 8 ஜிபி இரண்டா, 16 ஜிபி ஒன்றா என்று கேட்க வேண்டும். ஒற்றை ரேம் போட்டால் நினைவகத்துக்குச் செல்லும் இரு பாதைகளில் ஒன்று வெறுமனே கிடக்கும். டிடிஆர்4 வகையில் 3200 வேக ரேம் ஒன்றின் வழியே நொடிக்கு 25.6 ஜிபி தரவு செல்லும் என்றால், இரண்டு போடும்போது 51.2 ஜிபி. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல், ரைசன் 5 5600ஜி போன்று ப்ராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் அடங்கிய குறைந்த விலைக் கணினிகளில் இது விளையாட்டின் வேகத்தையே பெரிதும் மாற்றிவிடும், ஏனென்றால் அங்கே கிராபிக்ஸ் பகுதிக்கும் இந்த ரேம்தான் நினைவகம். பல கடைகளில் 3200 வேக ரேமைப் பொருத்திவிட்டு, ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பைப் பயாஸில் இயக்காமல் விடுவதால் அது 2400 அல்லது 2666 வேகத்திலேயே காலம் முழுக்க ஓடுவதையும் பார்க்கிறேன். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பகுதியைப் பார்த்தால், ரேமின் வேகமும் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்பதும் அங்கேயே எழுதியிருக்கும். மென்பொருள் எதையும் நிறுவ வேண்டியதில்லை. 2025-இன் பிற்பகுதியிலிருந்து ரேமின் விலை கடுமையாக ஏறியிருப்பதால், இந்த இடத்தில் கைவைக்கும் ஆசை விற்பவருக்கு முன்னைவிட அதிகம். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியிலும் அளவை மட்டும் கேட்காமல், மெதுவான சாட்டா வகையா வேகமான என்விஎம்இ வகையா என்று கேட்பது நல்லது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் அது இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். புதிய கணினியில் அந்த எண் ஆயிரக்கணக்கில் இருந்தால் அது புதிய எஸ்எஸ்டி அன்று.

கேபினட்டைப் பற்றிச் சில வார்த்தைகள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து, உள்ளே வண்ண விளக்கு மின்னும் விசிறிகளை வரிசையாகப் பொருத்திய கேபினட் கண்ணுக்கு அழகாக இருக்கிறது. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் விசிறிக்குக் காற்று எங்கிருந்து வரும்? வெளிநாட்டு விமர்சகர்கள் குளிரூட்டிய அறையில் அளந்து சொல்லும் வெப்பநிலையை நம்பி, கத்திரி வெயிலில் ஓட்டு வீட்டின் மாடி அறையில் வைத்து ஓட்டும் கணினியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அறையில் பத்துப் பதினைந்து டிகிரி கூடினால், உள்ளேயும் ஏறத்தாழ அதே அளவு கூடும். வெப்பம் எல்லையைத் தொட்டதும் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பணம் கொடுத்து வாங்கிய வேகம் அங்கே காணாமல் போய்விடும். கண்ணாடிக்குப் பதிலாக வலைக்கம்பி முகப்பும், பின்புறம் ஒரு விசிறியும் உள்ள எளிய கேபினட்டே நம் ஊருக்கு ஏற்றது. கடையில் ஏசியை அணைத்துவிட்டு, ஒரு விளையாட்டை அரை மணி நேரமாவது ஓடவிட்டு, வெப்பநிலையையும் எஃப்பிஎஸ்ஸையும் (நொடிக்கு எத்தனை படங்கள் திரையில் ஓடுகின்றன என்ற கணக்கு) ஒன்றாகத் திரையில் காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகு எஃப்பிஎஸ் சரியத் தொடங்கினால் அதற்குக் காரணம் கேளுங்கள்.

அப்படியானால் பெரிய நிறுவனங்களின் கணினியையே வாங்கிவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் வாரண்டி அவற்றின் உண்மையான நன்மை; குறிப்பாக, சர்வீஸ் கடை அருகில் இல்லாத ஊர்க்காரர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆயினும் டெல், எச்பி போன்றவற்றின் பல மாடல்களில் மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அந்தந்த நிறுவனத்துக்கே உரிய வடிவத்தில் இருப்பதால், வாரண்டி முடிந்தபின் ஒன்று பழுதானால் சென்னை ரிச்சி தெரு முழுக்க அலைந்தாலும் கடையில் கிடைக்கும் பொதுவான உதிரியை வாங்கிப் பொருத்த முடியாது. நாளை பெரிய கிராபிக்ஸ் கார்டு போட நினைத்தாலும் எஸ்எம்பிஎஸ் இடம் கொடுக்காது. ஒன்றை வாங்கி நான்கைந்து ஆண்டு ஓட்டிவிட்டு மாற்றிவிடுவோம் என்பவருக்கு இது குறையன்று. சிறுகச் சிறுகச் சேர்த்து மேம்படுத்திக்கொள்ளலாம் என்று நினைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரும் குறை. எது தமக்குப் பொருந்தும் என்பதை வாங்குபவர் முடிவு செய்யட்டும். ஆனால் முடிவு செய்யத் தேவையான தகவல் வாங்குமுன் அவருக்குக் கிடைக்க வேண்டும்.

பத்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தில் மைதா, சர்க்கரை, எண்ணெய் என்று உள்ளே இருப்பவை எல்லாம் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அறுபதாயிரம், எழுபதாயிரம் ரூபாய்க்கு விற்கும் கணினிக்குள் என்ன எஸ்எம்பிஎஸ் இருக்கிறது என்பதை யாரும் எழுதித் தருவதில்லை. வாங்கும் பொருளின் தரம், அளவு, விலை முதலியவற்றைத் தெரிந்துகொள்ளும் உரிமை நுகர்வோருக்கு உண்டு என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பாகங்களின் பட்டியலைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. பட்டியலைக் கொடுத்தால் வாடிக்கையாளர் அடுத்த கடையில் விலை விசாரிப்பார் என்று கடைக்காரர்கள் அஞ்சுவது எனக்கும் தெரியும். நானும் கடை வைத்திருப்பவன்தான். உழைப்புக்கும் சர்வீஸுக்கும் உரிய தொகையைத் தனி வரியாகப் போட்டு வாங்குவதில் தவறே இல்லை, வாடிக்கையாளர்களும் அதைப் புரிந்துகொள்கிறார்கள். இன்று நடப்பது என்னவென்றால், நல்ல எஸ்எம்பிஎஸ் வைத்து இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகச் சொல்லும் கடைக்காரர் விலை அதிகம் என்ற பெயர் வாங்குகிறார். பெயரில்லாப் பெட்டியை வைத்து விற்பவர் வியாபாரத்தைத் தட்டிச் செல்கிறார். பட்டியல் பகிரங்கமானால் இந்த அநீதியும் சேர்ந்தே நீங்கும்.

வாரண்டிக்கும் இதுவே அடிப்படை. அசெம்பிள் செய்த கணினியில் ஒவ்வொரு பாகத்துக்கும் வெவ்வேறு நிறுவனத்தின் வாரண்டி, அந்தந்தப் பாகத்தின் வரிசை எண்ணைக் கொண்டே நிர்ணயிக்கப்படுகிறது. கடை மூடப்பட்டாலும், வரிசை எண்ணும் ஜிஎஸ்டி பில்லும் கையில் இருந்தால் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துக்கு நேரடியாகப் போகலாம். பெட்டியில்லாமல் தட்டில் வரும் ட்ரே ப்ராசஸரா, பெட்டியோடு வரும் ப்ராசஸரா என்பதையும் பில்லில் எழுத வேண்டும். ட்ரே ப்ராசஸருக்கு வாரண்டி பொதுவாக விற்பவர் வழியாகத்தான் கிடைக்கும். பாகங்களின் காலி அட்டைப்பெட்டிகளையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏமாற்றப்பட்டோம் என்று தெரிந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. ஆனால் "கேமிங் கம்ப்யூட்டர் – 1" என்று மட்டும் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு, எது வாக்களிக்கப்பட்டது எது தரப்பட்டது என்று அங்கே மெய்ப்பிப்பது எளிதன்று.

ஆகவே, ரெடிமேடாகவோ அசெம்பிள் செய்தோ விற்கப்படும் ஒவ்வொரு கணினிக்கும் ப்ராசஸர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் ஆகியவற்றின் முழு மாடல் பெயர், வரிசை எண், புதியதா பழையதா என்ற விவரம், வாரண்டிக் காலம் ஆகிய அனைத்தையும் பில்லோடு சேர்த்துத் தருவதைக் கட்டாயமாக்குமாறு ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆணை வரும்வரை, கணினி விளம்பரங்களை ஏற்கும்போது ப்ராசஸரின் முழு எண்ணையும், கிராபிக்ஸ் கார்டின் முழுப் பெயரையும், எஸ்எம்பிஎஸ்ஸின் மாடலையும் குறிப்பிடுமாறு விளம்பரதாரர்களைத் தாங்களும் வலியுறுத்தினால், கல்லூரிச் சேர்க்கை முடிவதற்குள்ளாகவே ஏராளமான பெற்றோருக்கு அது பயன்படும்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்குநர் ஒருவர்,
ஈரோடு.